நடிக்க வந்தவரின் கழுத்தைப் பார்த்துவிட்ட எங்கள் பெரிய டாக்டருக்கு

பொது மருத்துவப் பிரிவின் பெருமையே! நாடி பிடித்த விரலாலேயே நம்பிக்கையும் ஊட்டிய நல்லவரே! கனிவும் கண்டிப்பும் கைகோத்து நடப்பதை மூன்றாம் வார்டு வராந்தாவில் காலைதோறும் எங்களுக்குக் காட்டிய கண்ணியமே! வணக்கம்.

இப்படித் தொடங்கி, தாங்கள் பணியில் சேர்ந்த காலம் முதல் பெற்ற பதவி உயர்வுகள் வரை அடுக்கிச் சொல்லி, ஓய்வுக் காலம் இனிதாகட்டும் என்று முடிப்பதே இத்தகைய மடலுக்கு முறை. நாங்களும் அப்படி எழுதத்தான் உட்கார்ந்தோம். இரண்டாம் பத்தியிலேயே பேனா நின்றுவிட்டது. ஓய்வு பெறுகிறவருக்கு ஓய்வை வாழ்த்தலாம். ஓய்வு பெற்ற கையோடு வேறொரு நாட்டு மருத்துவமனையில் கடைசிப் படியில் நிற்கும் டாக்டராகச் சேரப் போகிறவருக்கு எதை வாழ்த்துவது? இது வழியனுப்பும் விழாவா, வேலைக்குச் சேரும் விழாவா? எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. முடிவுக்கு வர முடியாததால், நடந்ததை நடந்தபடி சபைக்குச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தோம். தங்களை எதிரே உட்கார வைத்துக்கொண்டே தங்களைப் பற்றி யாரோ ஒருவரைப் போலப் பேசப்போவதைப் பொறுத்தருள வேண்டும்.

அவையோரே, நம் பெரிய டாக்டருக்கு ஒரே மகள். கடல் கடந்த நாட்டில் கணினி வேலை, கணவர், ஒரு கைக்குழந்தை. ஓய்வு நெருங்கியபோது மகள் தொலைபேசியில் ஆசையாகச் சொன்னாள்: "அம்மா, உனக்குன்னு ஒரு ரூம் ரெடி பண்ணிட்டேன். ஜன்னல் பக்கத்துல சாய்வு நாற்காலி போட்டிருக்கேன். குழந்தையைப் பாத்துக்கிட்டு நிம்மதியா இரு."

பெரிய டாக்டர் சந்தோஷப்பட்டார். அன்று வார்டு சுற்றும்போது நாற்காலியைப் பற்றி நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தார். ஆனால் ஐந்தாவது கட்டில் அருகே நின்றபோது அவருக்குள் ஏதோ இடறியது. அந்த ஊரில் தெருவில் நடந்தால் இவர் யார்? குழந்தையின் பாட்டி. அது பொய்யில்லை, இனிமையான உண்மைதான். ஆனால் அது ஒன்று மட்டுமே உண்மையாகிவிடுமே என்று தோன்றியது. நோயாளியின் மணிக்கட்டில் வைத்த விரலை எடுக்காமலே அவர் நெடுநேரம் நின்றதாகவும், நோயாளி பயந்து "டாக்டர், நாடி இருக்குதா?" என்று கேட்டதாகவும் வார்டு சிஸ்டர் சொல்கிறார்.

மறுநாள் அவர் தம் கீழ் வேலை பார்க்கும் சின்ன டாக்டரைக் கூப்பிட்டார். வெளிநாட்டு வேலைக்காகச் சின்ன டாக்டர் படித்துக்கொண்டிருப்பது ஊரறிந்த ரகசியம். அந்த வழி எப்படி என்று கேட்டார் பெரிய டாக்டர். எந்த வழி என்று திருப்பிக் கேட்டார் சின்ன டாக்டர். குழப்பம் அங்கே ஆரம்பித்தது.

இந்தியாவில் படித்து வாங்கிய மருத்துவப் பட்டத்தோடு வெளியே போகிறவருக்கு நேரான சாலை ஒன்று இருக்கிறது என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறோம். இருப்பதோ பல வாசல் வீடு. ஒரு நாட்டில் படிப்படியாகப் பரீட்சை எழுதி, பிறகு எத்தனை அனுபவம் இருந்தாலும் பயிற்சி டாக்டராக மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இன்னொரு நாட்டில் ஓர் எழுத்துத் தேர்வு, ஒரு செய்முறைத் தேர்வு. தேறினால் பதிவு, பிறகு மேற்பார்வையில் வேலை. மேற்படிப்பு முடித்தவர்களுக்குப் பரீட்சை வேண்டாம் என்று ஒரு பக்கவாசல் உண்டு; ஆனால் அந்த மேற்படிப்பு அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். பெரிய டாக்டர் படித்த காலத்தில் அந்தப் பட்டியலே பிறந்திருக்கவில்லை. இது போதாதென்று, வேலை கிடைத்தால்தான் விசா, பதிவு இருந்தால்தான் வேலை, ஆங்கிலத் தேர்வு தேறினால்தான் பதிவு. மற்றதெல்லாம் கூடி வருவதற்குள் ஆங்கிலத் தேர்வின் காலம் முடிந்துபோகும். பட்டம் உண்மையானதுதானா என்று அவர்கள் கல்லூரிக்கே எழுதிக் கேட்பார்கள். பெரிய டாக்டர் படித்த கல்லூரி இதற்குள் வேறு பல்கலைக்கழகத்தின் கீழ் போய்விட்டது. யார் பதில் எழுதுவது என்று அங்கே இரண்டு அலுவலகங்களுக்குள் இழுபறி.

சின்ன டாக்டர் கரும்பலகையில் கட்டம் போட்டு, அம்புக்குறி வரைந்து இதையெல்லாம் விளக்கினார். முடிவில் ஓர் அம்பு புறப்பட்ட கட்டத்துக்கே திரும்பி வந்து நின்றது. பெரிய டாக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இதற்கு ரத்த ஓட்டமே தேவலை, அதுவாவது இதயத்துக்குத் திரும்பி வருகிறது என்றார்.

மகள் இருக்கும் நாட்டில் இரண்டு தேர்வு வழிதான். ஆங்கிலத் தேர்வில் தேறினார். எழுத்துத் தேர்விலும் தேறினார். செய்முறைத் தேர்வுக்கு விமானம் ஏறினார். நாற்பது வருஷமாக நோயாளிகளைப் பார்த்தவருக்கு நோயாளியைப் பார்க்கும் தேர்வு ஒரு பொருட்டா என்று நாங்கள் வழியனுப்பினோம். அவர் தோற்றுத் திரும்பினார்.

எப்படித் தோற்றார் என்பது புரிய, அந்தத் தேர்வு நடக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். வரிசையாகச் சிறு சிறு அறைகள். ஒவ்வொரு கதவிலும் ஒரு தாள்; உள்ளே இருப்பவரின் பிரச்சினை அதில் சுருக்கமாக எழுதியிருக்கும். மணி அடித்ததும் உள்ளே போக வேண்டும். உள்ளே இருப்பவர் நோயாளி அல்ல, நோயாளியாக நடிப்பவர். வசனம் மனப்பாடம் செய்து, இன்ன கேள்விக்கு இன்ன பதில், இன்ன இடத்தில் கண்ணீர் என்று பழகி வந்தவர். மூலையில் பரீட்சகர் வாய் திறவாமல் மதிப்பெண் போடுவார். டாக்டர் நோயைக் கண்டுபிடித்தாரா என்பது அதில் ஒரு பங்குதான். வணக்கம் சொன்னாரா, எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டாரா, பதிலைக் காது கொடுத்துக் கேட்டாரா, புரியும்படி விளக்கினாரா என்பதே மீதி. மறுபடி மணி அடித்ததும் பேசிய வாக்கியத்தைப் பாதியில் விட்டு அடுத்த அறைக்கு ஓட வேண்டும். யோசித்துப் பார்த்தால் அருமையான ஏற்பாடு. எல்லாருக்கும் ஒரே நோயாளி, ஒரே நோய், ஒரே நேரம்.

பெரிய டாக்டருக்கு வாய்த்த அறையில் ஒருவர் தலைவலிக்காரராக நடித்துக்கொண்டிருந்தார். நன்றாகவே நடித்தார். நடுவில் அவர் எச்சில் விழுங்கியபோது, கழுத்தில் தைராய்டு இருக்கும் இடத்தில் ஒரு சிறு மேடு ஏறி இறங்கியதைப் பெரிய டாக்டரின் கண் பார்த்துவிட்டது. தாளில் அது இல்லை. அது வேஷமும் இல்லை. அந்த மனிதருடைய சொந்தக் கழுத்து. பெரிய டாக்டர் தலைவலியை மறந்தார். தண்ணீர் குடித்துக் காட்டச் சொன்னார். எத்தனை நாளாக இருக்கிறது, குரல் மாறியதா, வீட்டில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். வசனத்தில் இல்லாத கேள்விகள். நடிகர் பரீட்சகரைப் பார்த்தார். பரீட்சகர் தாளைப் பார்த்தார். மணி அடித்தது. "கட்டாயம் போய்க் காட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே பெரிய டாக்டர் வெளியேறினார். அடுத்த அறைகளிலும் அவர் மனம் அந்தக் கழுத்திலேயே இருந்தது.

திரும்பி வந்தவர் எங்களிடம் கேட்டது ஒன்றுதான். "நான் பாத்தது தப்பா?" மகள் தொலைபேசியில் சொன்னாளாம்: "போதும்மா. எல்லாரும் ரிட்டயர் ஆகி ரெஸ்ட் எடுப்பாங்க, நீ ஃபெயில் ஆகிட்டு வர்ற. நாற்காலி காத்துக்கிட்டிருக்கு." கிண்டல்தான். ஆனால் பெரிய டாக்டர் அன்று டீயைக் குடிக்காமல் ஆறவிட்டார்.

இன்னொரு முறை எழுதுவது, அதிலும் தோற்றால் நாற்காலிதான் என்று அவர் முடிவு செய்தார். பயிற்சிப் பொறுப்பைச் சிஸ்டர் எடுத்துக்கொண்டார். புற நோயாளிகள் போன பிறகு கருத்தரங்கு அறையில் நாற்காலி போட்டு, ஊழியர்களை ஒவ்வொருவராக நோயாளி வேஷத்தில் உட்கார வைத்தார். சின்ன டாக்டர் பரீட்சகர். சபையில் இருக்கும் பலர் அங்கே நடித்தவர்கள். விளைவு அவர்களுக்குத் தெரியும்.

லிஃப்ட்காரர் மனைவியை இழந்தவராக நடித்தார். உருக்கமாக அழுதார். பெரிய டாக்டர் ஆறுதல் சொல்லாமல் அவர் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "ரத்தம் கம்மியா இருக்கே, எழுந்திரு, லேபுக்குப் போ" என்றார். லிஃப்ட்காரரின் மனைவி நலமாக இருக்கிறார். ரத்தம் கசியும் வயிற்றுப் புண் இருந்தது இவருக்குத்தான். கணக்குப் பிரிவு அம்மாள் முதுகுவலிக்காரியாக நடிக்க வந்து சர்க்கரை நோயாளியாகத் திரும்பினார். வேலை கூடிப்போனதாக லேபிலிருந்து புகார் வந்தது. சிஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "மேடம், நீங்க பாஸ் ஆகறதுக்குள்ள இங்க நடிக்க ஆளே மிஞ்ச மாட்டாங்க. எல்லாரும் அட்மிட் ஆயிடுவோம்."

பிறகு சிஸ்டரே ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். நடிக்கிறவரின் கண்ணை, கழுத்தை, நகத்தைப் பார்க்கக் கூடாது. இரண்டு புருவத்துக்கும் நடுவே நெற்றியைப் பார்த்தபடி பேச வேண்டும். எதிரே இருப்பவருக்கு அது கண்ணைப் பார்ப்பது போலவே தெரியும். பெரிய டாக்டர் அதைப் பழகினார். வாரங்கள் போகப் போக அவருடைய கேள்விகள் மென்மையாயின, விளக்கங்கள் தெளிவாயின. கடைசிப் பயிற்சியில் லேபுக்கு யாரும் அனுப்பப்படவில்லை. நாங்கள் கைதட்டினோம். அவர் மட்டும் எதையோ வைத்த இடம் மறந்தவர் போல அறையைச் சுற்றிப் பார்த்தார்.

இரண்டாம் முறை போனார். தேறினார்.

செய்தி வந்த அன்று வார்டே கொண்டாடியது. பெரிய டாக்டர் சிஸ்டரைத் தனியே அழைத்துப் போனார். சிஸ்டர் எங்களிடம் சொன்னதை, பெரிய டாக்டரின் அனுமதி பெற்றே எழுதுகிறோம். தேர்வில் ஓர் அறையில், தூக்க மாத்திரை கேட்டு வந்தவராக ஓர் இளைஞர் நடித்தார். உள்ளே போன நொடியில் அவர் கண்ணின் வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தது போல் இருந்தது. பெரிய டாக்டர் சட்டென்று பார்வையை நெற்றிக்கு ஏற்றிவிட்டார். கேட்க வேண்டியதைக் கேட்டார், சொல்ல வேண்டியதைச் சொன்னார். அந்த அறையில்தான் அவருக்கு அதிக மதிப்பெண்.

"பாஸ் ஆயிட்டேன் சிஸ்டர். ஆனா அது காமாலையா, அந்த ரூம் லைட்டான்னு எனக்குத் தெரியல. இன்னொரு தடவை பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான் பாக்கல."

நெற்றியைப் பார்க்கச் சொன்னவர் சிஸ்டர்தானே. தேர்வு நடத்தும் அமைப்புக்குப் பெரிய டாக்டர் எழுதினார். தேர்வின் உள்விவரங்களைப் பற்றிக் கடிதப் போக்குவரத்து கிடையாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. மறுபடி எழுதினார். அதே பதில் மறுபடி வந்தது.

அடுத்தது வேலைக்கான நேர்காணல். கணினித் திரையில் மூன்று முகங்கள். வேலையில் நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள் என்று அங்கே தவறாமல் கேட்பார்கள். தவறே செய்யாதவர் என்று காட்டிக்கொள்பவரை நம்ப மாட்டார்கள். அதற்கென்று சின்ன டாக்டர் யாருக்கும் வலிக்காத ஒரு சின்னத் தவறைத் தயார் செய்து கொடுத்திருந்தார். பெரிய டாக்டர் அதில் இரண்டு வாக்கியம் சொன்னார். பிறகு நிறுத்திவிட்டு, மஞ்சள் கண்ணைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். திரைக்கு இந்தப் பக்கம் நின்ற சின்ன டாக்டர் வேண்டாம் என்று கைகாட்டியும் அவர் நிற்கவில்லை. நடு முகத்துக்கு உரிய அம்மையார், மறுபடி அதே அறைக்குள் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பெரிய டாக்டர் யோசித்தார். தெரியவில்லை என்றார். மூன்று முகங்களும் அசையவே இல்லை. இணைப்பு போய்விட்டது என்று நினைத்துச் சின்ன டாக்டர் கம்பியைச் சரிபார்க்கக் குனிந்தார். இணைப்பு போகவில்லை.

வேலை கிடைத்தது. மகள் வீட்டிலிருந்து ரயிலேறிப் போக வேண்டிய ஒரு சிற்றூர். முதல் வருஷம் தம்மைவிட மிக இளையவர் ஒருவரின் மேற்பார்வையில். மகள் கொஞ்சம் அழுதாள், பிறகு சிரித்தாள். நாற்காலி அங்கேயே இருக்கட்டும், விடுமுறையில் வந்து உட்காருவேன் என்று பெரிய டாக்டர் சமாதானம் சொன்னார். எங்களிடம் மட்டும் கேட்டார்: "அந்தப் பதிலுக்காகக் கொடுத்தாங்களா, அந்த ஊருக்கு வேற ஆள் வரலைன்னு கொடுத்தாங்களா?"

பெரிய டாக்டர் அவர்களே! இனித் தங்களிடமே திரும்பிப் பேசுகிறோம். பயணத் தேதியைச் சொன்னபோது, அங்கே போய் இறங்கியதும் முதலில் பேத்தியைத்தானே பார்ப்பீர்கள் என்று சிஸ்டர் கேட்டார். தாங்கள் தயங்கினீர்கள். பேத்தியை நெஞ்சாரக் கொஞ்சிவிட்டு, மறுநாளே அந்தத் தேர்வு மையத்தின் வாசலில் போய் நிற்கப்போவதாகச் சொன்னீர்கள். நடிக்க வருகிறவர்கள் எந்த வழியாக வெளியே வருவார்கள் என்று பார்த்துவைத்திருப்பதாகவும் சொன்னீர்கள். உள்ளே விட மாட்டார்கள். தெருவில் நிற்பதை யாரும் தடுக்க முடியாது.

பாதையைப் படம் போட்டுப் பார்த்தும் புரியாதவர்கள் நாங்கள். தாங்கள் போவது சரியா என்று எங்களைக் கேட்டால், பாதிப் பேர் ஒன்று சொல்வோம், மீதிப் பேர் வேறு சொல்வோம். ஆனால் வாழ்த்துவதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. நோயற்ற உடலும் நிறைந்த ஆயுளும் தங்களுக்கு வாய்க்கட்டும். புதிய வார்டின் கட்டில்கள் தங்கள் காலடி ஓசையைச் சீக்கிரமே பழகிக்கொள்ளட்டும். அதே ஆயுளையும் அதே நலத்தையும், பேர் தெரியாத அந்த இளைஞருக்கும் சேர்த்தே வேண்டுகிறோம். அவர் அந்த வாசலில் வெயிலுக்கு வரட்டும். தாங்கள் நெற்றியைப் பார்க்காமல் நேராக அவர் கண்ணைப் பாருங்கள். அது வெறும் விளக்கு வெளிச்சமாகவே இருந்திருக்கட்டும்.

இங்ஙனம்,
தங்களுக்காக நோயாளிகளாக நடித்தவர்களும், நடிக்கப் போய் நோயாளிகளானவர்களுமாகிய
பொது மருத்துவப் பிரிவு ஊழியர்கள்