ஒக்டோபர் பாத்தி

பனி கொட்டுவதற்கு முன்னால் மண்ணைத் தயார் பண்ணிவிட வேண்டும், பிள்ளை. வசந்தத்தில் ஓடித்திரிந்து பிரயோசனமில்லை. ஏன் செய்தேன் என்றுதானே கேட்கிறீர்? அதற்குத் தோட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

லா ஷப்பலில் எங்கள் வீடு நாலாம் மாடி. தோட்டம் நகருக்கு வெளியே பியர்ஃபித்தில், வாடகைக்கு எடுத்த சின்னத் துண்டு. ரூ காய் தெருவிலுள்ள எங்கடை ஆட்களின் கடைகளில் மாம்பழம் வந்த மட்டைப்பெட்டிகளைச் சும்மா தருவார்கள். ஒட்டுநாடாவை உரித்து, மடித்து, றெயினில் கொண்டுபோவோம். பாத்தியில் மட்டையை விரித்து நனைத்து, மேலே சருகு, குதிரைச் சாணம், பிறகு மண். ஏப்ரலில் கிளறினால் மட்டை இருந்த தடமே இராது. புழுக்கள் அவ்வளவு கெட்டித்தனம்.

மண் கொத்துவது கரிகாலன். ரெஸ்ரோறண்டில் அவனுக்குத் திங்கள் லீவு. 2009இல் அவனுக்குப் பிரெஞ்சு விசாவும் இல்லை, சொந்த விலாசமும் இல்லை. விசா இல்லாத எங்கள் பொடியன்கள் எல்லாரையும்போல அவனுக்கும் கடிதம் என் வீட்டுக்குத்தான் வரும். தபால்பெட்டித் திறப்பு என் சாவிக்கொத்தில்.

"அக்கா, இந்த மட்டையளோட ஏறினா, வீடு மாறுறமெண்டு சனம் நினைக்கப்போகுது" என்பான்.

"மாறினா உன்னையும் ஒரு பெட்டிக்கை மடிச்சு வைச்சுக் கொண்டுபோவன், பேசாமல் பிடி" என்பேன்.

அந்த ஒக்டோபரில்தான் வவுனியா முகாமிலிருந்து அவனுக்கு உமது முதல் கடிதம் வந்தது. 'உங்கடை மிருணாளினி உயிரோடை இருக்கிறன்' என்று முதல் வரியே. நல்ல கையெழுத்து உமக்கு. வாசித்து அழுதேன், பொய் சொல்லவில்லை.

ஆனால் யோசித்துப் பாரும். உம்மைப் பற்றி ஒரு தகவலும் இல்லாமல் மே மாதத்திலிருந்து சுருண்டு கிடந்தவன், அப்போதுதான் கொஞ்சம் தேறியிருந்தான். என் தங்கை ஜெயமணி முப்பத்தெட்டு வயது வரை வாய்விட்டுச் சிரிக்காதவள். அவனுடைய பகிடிக்குச் சிரிக்கத் தொடங்கியிருந்தாள். அந்த நேரம் பார்த்து நடுவில் ஒரு காகிதத்தைப் போட எனக்கு மனம் வரவில்லை.

நாலாய்க் கிழித்து மட்டைக்குக் கீழே வைத்தேன்.

"இதென்னக்கா கீழை?"

"கடதாசி. மண்ணுக்கு நல்லம்."

மேலே மண்ணைத் தள்ளியது அவன்தான்.

பிறகும் பத்து வந்தன. அவற்றை மாவுத் தகரப் பேணிக்குள் வைத்திருந்து, அடுத்த ஒக்டோபரில் அதே பாத்தி மண்ணுக்குள் தாட்டேன். எதற்கும் ஒரு பருவம் இருக்கிறதல்லவா?

இதற்கிடையில் உம்மைத் தேடித்தரச் சொல்லி அவன் கேட்டதும் என்னிடம்தான். தை மாதம் செய்தி சொன்னேன்: செல் குண்டு விழுந்ததாம், ஒரு நொடியில் முடிந்ததாம். நோகவில்லையாம் என்று சேர்த்துக்கொண்டேன், அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று. ஐயரைக் கூப்பிட்டு அந்தியேட்டிக் கிரியையும் செய்வித்தோம். இந்த ஏழு வருடமும் உமது திவசத்துக்கு நான்தான் சமைக்கிறேன். உமக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை. கத்தரி எங்கள் பாத்தியில் காய்த்தது. ஒரு வருடமும் குறை வைக்கவில்லை.

2011இல் அவனுக்கும் ஜெயமணிக்கும் கல்யாணம். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு உமது பெயர் வைக்கக் கேட்டான். நான் மறுக்கவில்லை.

இப்போது அவனைப் பார்க்க வேண்டும் என்கிறீர். ஐந்து மணிக்கு வருவான். பார்த்தால் உம்மோடு எழுந்து வந்துவிடுவான், அது எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உமது கடைசிக் கடிதத்துக்குப் பிறகு ஆறு மாதம் அந்தப் பெட்டியை நாள்தோறும் திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. பதினொரு கடிதத்தோடு நிறுத்திவிட்ட ஒரு பெண்ணை நம்பி, நீரே சொல்லும், அந்தப் பொடியனை நான் எப்படி ஒப்படைத்திருக்க முடியும்?