சத்தமே போடாதவரைத் தேடிய மருத்துவர் சைமி ரந்தாலா

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அன்னுக்கா அவர்களே, சிறைப் பாதிரியார் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த நம் மருத்துவரின் கணவர் அவர்களே, செவிலியர்களே, இடுப்பில் சாவிக்கொத்தோடு பணியிலிருந்து அப்படியே வந்திருக்கும் காவலர் தோழர்களே, பின்வரிசைகளில் இருக்கும் நம் சிறைவாசிகளே! இத்தனை தூரம் தாம்பேரேயிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் இல்போ ஹுர்காஸ் அவர்களே! தலைமைக் காவலன் தைஸ்தோவின் வணக்கம்.

நான் பேச்சாளன் அல்ல. இருபத்தாறு வருடப் பணியில் இந்த உடற்பயிற்சிக் கூடத்தில் நாற்காலி போட்டிருக்கிறேனே தவிர, ஒலிபெருக்கி முன் நின்றதில்லை. ஆனாலும் இன்று நானே பேசுகிறேன் என்று இயக்குநரிடம் கேட்டு வாங்கினேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அழுகிற பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். சிறையில் அது எழுதாத சட்டம். கதவை உதைக்கிறவனுக்கு மாத்திரை உண்டு. கை கழுவும் தொட்டியை உடைக்கிறவனுக்கு மருத்துவர் உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்ன உண்டு? ஒன்றும் கிடையாது! அந்தச் சட்டத்தை உடைத்தவர் யார்? நம் சைமி ரந்தாலா!

பத்தொன்பது வருடம் முன்பு, பிப்ரவரி மாதம், அவர் வேலைக்கு வந்த முதல் நாள். யார் கத்தினான், யார் தட்டை எறிந்தான் என்று நாங்கள் வரிசையாக ஒப்பித்தோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, சத்தமே போடாதவர் யாரு?" என்றார்.

நான்தான் வாயைத் திறந்தேன். "அப்படிப் பாத்தா டாக்டர், வாயே திறக்காத நம்ம பின்லாந்து மொத்தமும் உங்க நோயாளிதான்!"

அறையே சிரித்தது. அவரும் சிரித்தார். "தெரியும் தைஸ்தோ. வேலை தீராத ஊராப் பாத்துத்தான் வந்திருக்கேன்" என்றார்.

அதன்பின் தினமும் காலைக் கூட்டத்தில் அதே கேள்வி. எங்களுக்கு எரிச்சல்! முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'மௌன டாக்டர்' என்று பேர் வைத்தோம். அவருக்கும் அது தெரியும்.

அந்த வருட நவம்பரில்தான் இல்போவின் விஷயம் நடந்தது. இல்போ, உங்கள் அனுமதியோடு பேசுகிறேன். நேற்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டேன். அப்போது இங்கே சிறைவாசியாக இருந்த நீங்கள் இரண்டு மாதம் இரவும் பகலும் அலறினீர்கள். எங்கள் காது புண்ணானது. திடீரென்று ஒரு திங்கட்கிழமை அடங்கிவிட்டீர்கள். அறையைக் கூட்டித் துடைத்தீர்கள். சாப்பாட்டுக்கு எனக்கு நன்றி சொன்னீர்கள்! எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?

மறுநாள் காலைக் கூட்டத்தில் மருத்துவர் வழக்கம்போல் கேட்டார். "ஹுர்காஸ் தங்கமா ஆயிட்டான் டாக்டர். காபிப் பொட்டலத்தைக்கூடப் பக்கத்து அறைக்காரனுக்குக் கொடுத்துட்டான்" என்று பெருமையாகச் சொன்னேன்.

"எத்தனை பொட்டலம்?"

"இருந்தது எல்லாத்தையும்."

"எல்லாத்தையுமா? நாளைக்குக் காபி வேணாமா அவருக்கு?"

அடுத்த கணம் அவர் நாற்காலியில் இல்லை. அவர் ஓடி அன்றுதான் பார்த்தேன். நான் பின்னாலேயே ஓடிக் கதவைத் திறந்தேன். அவர் தரையில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டார்: "இல்போ, இன்னிக்குச் செத்துப்போயிடலாம்னு இருக்கீங்களா?"

இதையெல்லாம் வாய்விட்டுக் கேட்பார்களா? கேட்டால் நடந்துவிடாதா? அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் நான், மூடன்! நாற்பது நிமிடம் மருத்துவர் தரையிலேயே காத்திருந்தார். பிறகு இல்போ சொன்னார்: "யாருமே கேக்க மாட்டீங்கன்னு நினைச்சேன்." அப்புறம் அழுதார். மருத்துவர் மாலை வரை அங்கிருந்து எழவில்லை.

அந்த உயிரைக் காத்ததற்காக எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் தந்தார்கள். காபி விஷயத்தைச் சொன்னது காவலர் தைஸ்தோ என்று மருத்துவர் அறிக்கையில் எழுதியிருந்தார். வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு இல்போவிடமிருந்து எனக்கு வாழ்த்து அட்டை வருகிறது. 'என் உயிரைக் காப்பாற்றியவருக்கு' என்று எழுதியிருக்கும்.

நண்பர்களே, அந்தக் காலையில் கூட்டத்துக்கு வருமுன் நான் பதிவேட்டில் எழுதியது இது: 'ஹுர்காஸ்: அமைதி. தொந்தரவு இல்லை. கண்காணிப்பை நீக்கலாம்.' கீழே என் கையெழுத்து. அவர் மட்டும் கேட்காமல் இருந்திருந்தால், மதியம் கண்காணிப்பு நீங்கியிருக்கும்.

மருத்துவர் அந்தப் பக்கத்தைப் படித்திருந்தார், ஆனால் அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. "என்னைக் காப்பாத்தப் பொய் எழுதிட்டீங்களே டாக்டர்?" என்றேன்.

"பொய் எங்க எழுதினேன்? காபியைப் பத்திச் சொன்னது நீங்கதானே. மிச்சத்தை நீங்கதான் சொல்லணும். எப்பச் சொல்ல முடியுதோ அப்பச் சொல்லுங்க."

பத்தொன்பது வருடம் காத்திருந்தார்! ஒரு முறை குத்திக்காட்டியதுண்டா? ஒரு பார்வை பார்த்ததுண்டா? புற்றுநோய் அவரைப் படுக்கையில் கிடத்திய பிறகு நான் போய்ப் பார்த்தேன். அப்போதும் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது என் வெட்கம். அவர் உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

இயக்குநர் அவர்களே, அந்தப் பதிவேட்டுப் பக்கத்தை என் பெயரை மறைக்காமல் பயிற்சி வகுப்பில் மாட்டுங்கள். இனி நம் காலைக் கூட்டத்தில் அவருடைய கேள்வியைத்தான் முதலில் கேட்போம். நான் ஓய்வு பெறும் நாள்வரை கேட்பேன், தோழர்களே, அதன்பின் நீங்கள் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் போய்க் கதவைத் திறப்போம். சைமி ரந்தாலாவின் பெயரால் இதைச் செய்வோம்!

இல்போ, உங்களைக் காப்பாற்றியவன் நான் அல்ல. கூட்டம் முடிந்ததும் காபி மேசையருகே நிற்பேன். திட்டுங்கள், கத்துங்கள், சட்டையைப் பிடியுங்கள். ஒன்றும் பேசாமல் மட்டும் பஸ் ஏறிவிடாதீர்கள்.