இவ்விடம் வசிக்கவில்லை

கையெழுத்து நன்றாக இருப்பவனுக்கு ஊரில் ஓய்வு கிடையாது. கல்யாணப் பத்திரிகைக்கு விலாசம் எழுதுவதிலிருந்து இறப்புச் சான்றுக்கு மனு எழுதுவது வரை எல்லாவற்றுக்கும் அவனைத்தான் தேடுவார்கள். மேலூர்ப் பள்ளியில் எனக்குப் படிப்பு ஏறியதோ இல்லையோ, கையெழுத்து ஏறிவிட்டது. உங்கள் குமாஸ்தா என் வாக்குமூலத்தை எழுத உட்கார்ந்தபோது நானே எழுதித் தருகிறேன் என்று தாளை வாங்கிக்கொண்டது அதனால்தான். அவர் எழுத்து சரிவாக ஓடுகிறது. படிப்பவர்களுக்குச் சிரமம்.

நீங்கள் வாசித்துக் காட்டிய விசாரணை அறிக்கை பெரும்பாலும் சரி. இரண்டு இடங்களில் பிழை இருக்கிறது. ஒப்பந்தக்காரர் பேயாண்டி, கொடுத்த முன்பணத்துக்காக அந்தக் குடும்பங்களை மலையிலிருந்து இறங்கவிடாமல் மறித்து வைத்தார் என்று இருக்கிறது. தப்பி வந்த முத்திருளன் வழியில் பிடிபட்டான் என்று இருக்கிறது. இரண்டும் அப்படி இல்லை. பிழை உள்ள தாளின் அடியில் கையெழுத்துப் போட எனக்கு வராது.

என் பெயர் சுருளி. ஒத்தக்கடையில் மனு எழுதுகிறேன். ரைட்டர் என்றால்தான் தெரியும். யானைமலை அடிவாரத்தில், கல் உடைக்கிற இடத்தை ஒட்டி ஒரு குடிசைக் குடியிருப்பு இருந்தது. ஊரில் அதைச் சிலோன் காலனி என்பார்கள். அங்கே இருந்தவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்து ஜனங்கள். இவர்களுடைய பாட்டன்மார் நம் பக்கத்திலிருந்து போனவர்கள். இரண்டு சர்க்காரும் பேசி முடிவு செய்து, இந்தியப் பிரஜை என்று காகிதம் கொடுத்துக் கப்பலேற்றி அனுப்பிவிட்டன. கலவரத்துக்குப் பயந்து படகில் வந்து ஆனையூர் முகாமில் இருக்கிறவர்கள் வேறு. அவர்களுக்கு ஓட்டு இல்லை. இவர்களுக்கு உண்டு. ஊரில் பலருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும். இவர்களுக்கு ஓட்டுக் கேட்டு விண்ணப்பம் எழுதியதே நான்தான். எங்கள் கட்சியின் கிளைச் செயலாளர் சோணை எழுதச் சொன்னார். அப்போது அந்த ஓட்டெல்லாம் எங்களுக்கு விழும் என்று நம்பிக்கை இருந்தது.

தோட்டத்தில் அவர்களுக்குக் கங்காணி என்று ஒருவர் இருப்பாராம். ஆள் சேர்த்து வேலைக்குக் கூட்டிப் போகிறவர். காய்ச்சல் என்றாலும், கல்யாணம் என்றாலும், துரையிடம் ஒரு சொல் சொல்ல வேண்டுமென்றாலும் அவரிடம்தான் போக வேண்டும். அவரைத் தாண்டிப் போவது மரியாதை இல்லை. கடல் தாண்டி வந்தும் அந்தப் பழக்கம் அவர்களை விடவில்லை. இங்கே கங்காணி இல்லாததால் அந்த இடத்தில் என்னை வைத்துக்கொண்டார்கள். நான் கேட்டு வாங்கிய இடம் அல்ல.

சட்டமன்றத் தேர்தலில் காலனி எங்களுக்குப் போடவில்லை. எதிர்க்கட்சிக்காரர் சின்னான் அவர்களுக்கு ஒரு தண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுத்திருந்தார். அடுத்து பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. தலைவர் பதவிக்குச் சோணையும் சின்னானும் நின்றார்கள். டீக்கடையில் வேறு பேச்சே இல்லை.

"கப்பல்ல வந்து எறங்குனவன் நம்ம கம்மாய்க்கு யாரு தலைவருன்னு சொல்லணுமாக்கும்" என்றார் சோணை.

"ஏண்ணே, இதே பெஞ்சியில ஒக்காந்து தொப்புள்கொடி உறவுன்னு பேசுனது யாரு? நீங்கதான?" என்றார் சின்னான்.

"அந்தக் கொடி அறுந்து போச்சுடா."

"அறுந்துச்சா, ஓட்டு விழுகலன்னதும் நீங்களே அறுத்து விட்டீகளா?"

கடையே சிரித்தது. சோணையும் சேர்ந்து சிரித்தார். ஆனால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "இன்னைக்கு நூறு பேரு வருவான், நாளைக்கு ஆயிரம் பேரு வருவான். அப்புறம் இது நம்ம ஊரா, அவன் ஊரா? அதைச் சொல்லிப்புட்டு நீ சிரி" என்றார். அங்கே உட்கார்ந்திருந்த பலருக்கு அது சரியான கேள்வியாகத்தான் பட்டது. எனக்கும் பட்டது என்று மறைக்காமல் எழுதுகிறேன்.

மறுநாள் சோணை என் வீட்டுக்கு வந்தார். காலனிக்காரர்கள் எல்லாரும் அகதிகள், அவர்கள் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்று ஆட்சேபணை மனு எழுதச் சொன்னார்.

"அகதி இல்லண்ணே. எழுதுனா பொய்யாப் போகும்" என்றேன்.

"எம்புட்டுப் பேரு எம்புட்டுப் பொய் எழுதுறான். நீ ஒருத்தன் எழுதுனா மானம் போயிருமா மாப்ள?"

"நான் எழுத மாட்டேண்ணே."

சோணை கோபப்படவில்லை. "அப்ப என்ன எழுதுவ?" என்று கேட்டார்.

ஒரு ஆள் குறிப்பிட்ட இடத்தில் குடியிருக்கவில்லை என்றால் அவர் பெயரை நீக்கலாம். அது சட்டம். மனு வந்ததும் வீட்டுக்கு நோட்டீஸ் போகும். ஆள் இல்லை என்றால் கதவில் ஒட்டுவார்கள். விசாரணைக்கு வராவிட்டால் பெயர் போய்விடும். ஆகவே 'மேற்படி நபர்கள் இவ்விடம் வசிக்கவில்லை' என்று எழுதலாம். ஆனால் அவர்கள் வசித்துக்கொண்டிருந்தார்கள். நான் பொய் எழுதுகிறவன் அல்ல. எழுதப்போவது உண்மையாக இருக்கும்படி முதலில் ஏற்பாடு செய்தேன்.

பேயாண்டி எனக்குப் பழக்கம். கொடைக்கானல் மலையில் மரம் வெட்டிப் பட்டை உரிக்கும் ஒப்பந்தம் எடுத்திருந்தார். அந்தப் பட்டை தோல் பதனிடும் சாலைகளுக்குப் போகும். வத்தலக்குண்டில் அவருக்கு டிப்போ இருந்தது. ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார். நான் ஆள் தருகிறேன், ஒரே நிபந்தனை, நான் சொல்லும் வரை ஒருவரும் இறங்கி வரக் கூடாது என்றேன். அவர் ஒப்புக்கொண்டார். அறிக்கையில் திருத்த வேண்டிய முதல் இடம் இது. முன்பணம் என்பது அவர் கணக்கு. மறித்து வைத்தது என் நிபந்தனை.

காலனியில் போய்ச் சொன்னேன். அவர்களைச் சம்மதிக்க வைக்க நான் ஒன்றும் பாடுபடவில்லை. யானைமலைப் பாறை பகலெல்லாம் சூடேறிச் சாயங்காலம் அனல் கக்கும். பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் வேனல் கட்டி. நான் மலை என்றதுமே பெண்கள் எழுந்து கிட்டே வந்துவிட்டார்கள். முத்திருளன் என்பவன் அவர்களில் கொஞ்சம் விவரமானவன். அவன் பெண்சாதி செல்லத்தாய் இடுப்பில் ஒரு பெண்குழந்தையை வைத்திருந்தாள். தங்கப்பொண்ணு என்று பெயர்.

"பனி விழுமாங்கய்யா?" என்று கேட்டாள் செல்லத்தாய்.

"விழும்" என்றேன். அதுவும் பொய் இல்லை.

"ஐயா சொன்னாப் போதுங்க" என்றான் முத்திருளன். அவ்வளவுதான். இரண்டு லாரி வந்தது. தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிட வரிசையில் நிற்பார்களாம், அப்படியே நின்று ஏறினார்கள். குழந்தைகளுக்கு நான்தான் முறுக்கு வாங்கிக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு மனுக்களை எழுதினேன். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. நோட்டீஸ்கள் கதவுகளில் ஒட்டப்பட்டன. விசாரணைக்குச் சின்னான் மட்டும் வந்து கத்தினார். அதிகாரி, ஆட்கள் எங்கே என்று கேட்டார். சின்னானால் சொல்ல முடியவில்லை. பெயர்கள் நீக்கப்பட்டன.

இதில் சட்டத்துக்கு மாறாக ஏதாவது இருந்தால் சுட்டிக்காட்டுங்கள்.

வாக்குப்பதிவுக்குச் சில நாள் இருக்கும்போது முத்திருளன் வந்தான். முற்பகல். நான் திகைத்துப் போனேன். காட்டு வழியாக மலை இறங்கி, லாரி ஏறி, மிச்சத்தை நடந்து வந்திருந்தான். வழியில் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. சின்னான் வீட்டைத் தாண்டித்தான் என் வீட்டுக்கு வரவேண்டும். இரண்டிலும் அவன் நிற்கவில்லை. வேலைக்கு அனுப்பியவர் இருக்கும்போது இன்னொருவரிடம் போய் நிற்பது அவனுக்கு முறையாகப் படவில்லை.

"புள்ளைக்குக் காச்சலுங்கய்யா. நெஞ்சுல சளி கட்டிக்கிட்டு மூச்சு இழுக்குது. கீழ எறக்க விட மாட்டேங்கிறாங்க" என்றான். "பெரியாஸ்பத்திரியில சேக்க ஐயா ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும். நான் மேலேயே கெடக்கேன். வேலைய விட்டு வரலைங்க. அவளையும் புள்ளையையும் மட்டும் எறக்கி விட்டாப் போதுங்க."

உட்காரச் சொன்னேன். என் மனைவி ஒச்சாயி சோறு போட்டாள். அவன் சாப்பிடும்போது நான் யோசித்தேன். பெரியாஸ்பத்திரி டவுனுக்கு நடுவில் இருக்கிறது. செல்லத்தாய் அங்கே குழந்தையோடு கிடந்தால் நம் ஊர்க்காரர் யாராவது பார்ப்பார்கள். சின்னானுக்குத் தெரியும். பெயர் நீக்கப்பட்டவள் உயிரோடு வந்து நின்றால், மற்றவர்கள் எங்கே என்ற கேள்வி வரும். வழக்கு வரும், தேர்தல் நிற்கும். சில நாள்தானே என்று நினைத்தேன். குழந்தைகளுக்குச் சளி வருவதும் போவதும் வழக்கம்.

ஒச்சாயி என்னை உள்ளே கூப்பிட்டாள். "புள்ளையக் கொண்டாரச் சொன்னா ஒமக்கு என்ன கொறஞ்சு போகும்?"

"எலெக்சன் முடியட்டும்."

"காச்சலுக்கு எலெக்சன் தெரியுமா?"

அவளுக்கு அரசியல் தெரியாது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு தபாலாபீசுக்குப் போய் வத்தலக்குண்டு டிப்போவுக்கு டிரங்க் கால் போட்டேன். திரும்பி வந்தபோது அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வாசலில் குந்தியிருந்தான். ஏற்பாடு செய்துவிட்டேன், ஜீப் வருகிறது என்றேன். காலைத் தொட்டுக் கும்பிட்டான். வேண்டாம் என்று விலகினேன். எனக்கு அதெல்லாம் பிடிக்காது.

ஜீப் சாயங்காலத்துக்குள் வந்தது. உள்ளே இருந்த பேயாண்டியின் ஆட்களைப் பார்த்ததும் அவன் கொஞ்சம் தயங்கினான். என் முகத்தைப் பார்த்தான். நான் முதலில் ஏறி உட்கார்ந்தேன். அதன் பிறகு அவன் ஏறினான். பேருந்து நிறுத்தம் வரை அவனோடு போய், காய்ச்சல் மாத்திரை வாங்கி அவன் கையில் கொடுத்துவிட்டு இறங்கிக்கொண்டேன். ஆகவே முத்திருளன் வழியில் பிடிபடவில்லை. என் வீட்டில் சாப்பிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து போனான். இரண்டாவது திருத்தம் இதுதான்.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் அறிக்கையில் சரியாகவே இருக்கிறது. மேலே அவனை அடித்திருக்கிறார்கள். அப்படியும் ஒருநாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கப் பார்த்திருக்கிறான். பேயாண்டியின் ஆட்கள் பாதையில் நிறுத்தி, பேசிக்கொண்டிருந்தபோதே குழந்தையின் மூச்சு அடங்கிவிட்டது. அதன் பிறகு முத்திருளன் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்கிறீர்கள். அடியால் அப்படி ஆகியிருக்கலாம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். டாக்டர் எழுதியதில் நான் தலையிடவில்லை.

சோணை ஜெயித்தார். காலனி ஓட்டு முழுவதும் சின்னானுக்கு விழுந்திருந்தாலும் எட்ட முடியாத வித்தியாசம். அந்த முடிவைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் முன்கூட்டி யாரால் சொல்ல முடியும்.

தேர்தல் முடிந்த பிறகாவது இறக்கிவிட்டிருக்கலாமே என்று நேற்றுக் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதற்குள் அந்தக் குடிசைகளில் சோணை தேர்தல் வேலை பார்த்தவர்களைக் குடிவைத்துவிட்டார். இறங்கி வந்தால் இவர்கள் எங்கே போவார்கள்? நடுத்தெருவில் பெண்டு பிள்ளைகளோடு நிற்க விட எனக்கு மனமில்லை. மேலே கூரையாவது இருந்தது. பேயாண்டி அவ்வப்போது ஆள் விட்டுக் கேட்பார், "எறக்கலாமா?" என்று. இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று சொல்லி அனுப்புவேன். அப்படியே ஒரு மழைக்காலம் போயிற்று. இன்னும் சிலர் இறந்து போனார்கள். அந்தப் பெயர்கள் உங்களிடம் இருக்கின்றன. ஒச்சாயி ஆனையூரில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். தம்பி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போனதாக ஊரில் சொல்லியிருக்கிறேன்.

கோர்ட்டு உத்தரவோடு நீங்கள் மலையேறி அவர்களை இறக்கிக் கொண்டுவந்த அன்று, ஆட்களை அடையாளம் காட்ட என்னைக் கூப்பிட்டு அனுப்பினீர்கள். அப்போது உங்களுக்கு என் மேல் சந்தேகம் இல்லை. ஒவ்வொருவராக லாரியிலிருந்து இறங்கினார்கள். நான் பெயர் சொன்னேன், உங்கள் குமாஸ்தா எழுதினார். முத்திருளன் என்னைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டான். செல்லத்தாய் கடைசியாக இறங்கினாள். ஆள் பாதியாகியிருந்தாள். வரிசையை விட்டு நேராக என்னிடம் வந்தாள். ஜீப்பைப் பற்றி அவன் அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"ஐயா சொல்லி விட்டதாலதான் எங்கள எறக்குனாங்களா?" என்று கேட்டாள்.

நீங்கள் அந்தப் பக்கம் போலீஸ்காரரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள். கேட்டிருக்க மாட்டீர்கள். நான் ஆமாம் என்றேன். அவள் கைகளைக் கூப்பி, நிற்க முடியாமல் என் எதிரிலேயே உட்கார்ந்து அழுதாள். இந்தத் தாளில் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய பொய் அது ஒன்றுதான். அதையும் எனக்காகச் சொல்லவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அந்த நேரத்தில் யாராவது ஒரு ஆறுதல் சொல்ல வேண்டாமா? அங்கே என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருந்தார்கள்.