இரண்டாவது கோப்பு

கணினி நேரத்தைப் பிழையாகக் காட்டினால் யாரும் பதற வேண்டியதில்லை, ஐயா. பெரும்பாலும் ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

முல்லைத்தீவில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கடல் கொந்தளிக்கும் நாள்களில் மீனவர்களின் கைபேசிக்கு எச்சரிக்கை அனுப்பும் இணையத்தளத்தை பி.எச்.பி. என்ற கணினி மொழியில் எழுதியவன் நான்தான். றொனால்ட் என் பள்ளித் தோழன், படகுக்காரன், மீனவர் சங்கச் செயலாளர். கோயில் மண்டபத்தில் தளத்தைத் தொடக்கி வைத்த அன்று ஒலிவாங்கியைப் பிடித்து, "இதை நான் தனிய இருந்து செய்தனான்" என்றான். பொன்னாடையும் அவனுக்குத்தான். பின்வரிசையில் நின்று கைதட்டினேன். அவன் என் பக்கம் திரும்பவேயில்லை. வயிறு எரிந்தது, மறைக்கமாட்டேன்.

ஐப்பசியில் சங்கத்தார் தளத்தை வெளிநாட்டுச் சேர்வர் ஒன்றுக்கு, அதாவது தளத்தை இயக்கும் கணினிக்கு, மாற்றினார்கள். அதன் கடிகாரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் பிந்தி ஓடியது. றொனால்ட் மடிக்கணினியோடு கடைக்கு வந்தான்.

"மச்சான், நேரம் பிழைக்குது. நீ கை வைச்சாச் சரிவரும்."

"இரு, பாக்கிறன்."

பி.எச்.பி.க்கு அங்கே இரண்டு அமைப்புக் கோப்புகள். ஒன்றைப் பார்த்து இணையப் பக்கம் நேரம் காட்டும். மற்றதைப் பார்த்துத்தான் விடிய மூன்று மணிக்கு, படகுகள் இறங்குமுன், எச்சரிக்கை போகும். முதலாவதைத் திருத்தினேன்.

"இப்ப சரியோ?" என்று கேட்டான்.

"ஓம், பக்கத்தில சரியாக் காட்டுது."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. இரண்டாவது கோப்பைப் பற்றி அவன் கேட்கவில்லை. தனிய இருந்து செய்தவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டுமே. எச்சரிக்கை பிந்தும், ஊர் அவனைத் திட்டும், பிறகு என்னைத் தேடி வருவார்கள். நான் நினைத்தது அவ்வளவுதான்.

கார்த்திகையில் வாடைக்காற்று எழும்பியது. விடியுமுன் றொனால்ட் இரண்டு பேரோடு கடலுக்குப் போய்விட்டான். எச்சரிக்கை காலை எட்டரைக்குத்தான் வந்தது. மூன்று பேரும் திரும்பவில்லை. அவன் மனைவி புனிதம் தன் கைபேசியை என்னிடம் நீட்டினார்.

"அண்ணை, இது ஏன் இவ்வளவு பிந்தி வந்தது?"

சேர்வர்க் கோளாறு என்றேன்.

காற்று அப்படி அடிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும், ஐயா? அன்று விடியுமுன் என் தம்பியைக் கூப்பிட்டுக் கடலுக்குப் போகவேண்டாம் என்று மறித்தது, ஒரு அண்ணனுக்கு இருக்கிற வழமையான பயத்தில்தான்.