யாரும் பார்க்காத வியாழக்கிழமை நிகழ்ச்சி

டீ நன்றாக இருக்கிறது மேடம். போலீஸ் ஸ்டேஷன் டீ கழனித்தண்ணி மாதிரி இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இதில் இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள். குடித்துவிட்டே சொல்கிறேன், எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை.

நீங்கள் கேட்டதைத்தான் எங்கள் முதலாளி சுப்பராமன் சாரும் கேட்டுக்கொண்டே இருந்தார். "ஏன்யா அழகுபாண்டி, ஈ காக்கா பார்க்காத புரோகிராமை எதுக்கு வருஷக்கணக்கா ஓட்டிக்கிட்டிருக்க?" என்பார். அவருக்குச் சொன்ன பதிலை முதலில் உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

பார்க்க ஆளில்லாத நிகழ்ச்சியை டிவிக்காரன் ஏன் நிறுத்துவதில்லை என்று ஊரே கேட்கிறது. அதை நிறுத்தினால் அந்த அரைமணி நேரத்துக்கு வேறு என்ன போடுவது? திரை கறுப்பாக இருந்தால் ஜனங்கள் வேறு சேனலுக்குப் போய்விடுவார்கள், போனவர்கள் திரும்புவதில்லை. எங்களுடையது சிம்மக்கல்லில் ஒரு மாடியில் நடக்கும் உள்ளூர் கேபிள் சேனல். காலையில் வரும் மூலிகை வைத்தியரை அவருடைய சம்சாரமே பார்ப்பதில்லை. ஆனால் விளம்பரமும் அவர்தான் தருகிறார், நிகழ்ச்சியிலும் அவரே பேசுகிறார், யார் நிறுத்துவது? ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜவுளிக்கடைக்காரர் மகள் பாடுகிறாள். அந்தப் பிள்ளை பாட்டை நிறுத்தினால் தீபாவளி விளம்பரம் நின்றுபோகும். இதெல்லாம் போக, ஆரம்பித்தவனின் வீம்பு என்று ஒன்று இருக்கிறது. நிறுத்தினால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். பெரிய பெரிய சேனல்களே அந்த வீம்பில்தான் பாதி நிகழ்ச்சிகளை ஓட்டுகின்றன.

என்னுடைய 'வாசல் திறந்திருக்கு' நிகழ்ச்சியும் அப்படித்தான் என்று சார் நினைத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வரும். காணாமல் போனவர்களின் வீட்டார் வந்து உட்கார்ந்து பேசுவார்கள், போட்டோ காட்டுவோம், கீழே ஒரு செல் நம்பர் ஓடும். தகவல் தெரிந்தவர்கள் போலீசுக்குப் போகப் பயப்படுவார்கள், உங்களைக் குறை சொல்லவில்லை மேடம், ஜனங்களின் சுபாவம் அது. எங்களுக்கு என்றால் தயங்காமல் கூப்பிடுவார்கள். அந்த செல் என் சட்டைப் பையில்தான் இருக்கும். வேறு யாரும் எடுக்கக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். மேலூர்ப் பக்கம் காது கேட்காத ஒரு பெரியவரை அந்த நிகழ்ச்சிதான் வீட்டில் சேர்த்தது. அவர் மகன் என் காலில் விழுந்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மற்றவர்கள் வருவார்கள், போவார்கள். ஒவ்வொரு வியாழனும் தவறாமல் வந்தது அன்னக்கொடி ஒருத்திதான். அவள் மகன் முத்துக்குமரன் எங்கள் சேனலில் லைன்மேன். எழுமலைக்காரன், எனக்கும் அதே ஊர். நான்தான் அழைத்து வந்து வேலையில் சேர்த்தேன். அழகர் ஆற்றில் இறங்கிய அன்றைக்குக் காணாமல் போனான். "ஆத்துல குளிச்சிட்டு வாரேன்னு போனான், திரும்பலை" என்று நான்தான் எல்லோரிடமும் சொன்னேன். அந்தக் கூட்டத்தில் ஒருத்தன் தொலைவது அதிசயம் இல்லை.

அவளுக்கு வேறு ஒரு குத்தலும் இருந்தது. மகனுக்கு வேலை கிடைத்தால் அழகருக்கு முடி இறக்குவதாக நேர்ந்திருந்தாள். அவனுக்குத் தன் முடிமேல் கொள்ளைப் பிரியம், நெற்றியில் சுருட்டி விட்டிருப்பான். மாட்டவே மாட்டேன் என்று சண்டை போட்டுவிட்டுத்தான் திருவிழா வேலைக்கு வந்தான். கோபத்தில் எங்கோ போய்விட்டான் என்று போலீசும் நினைத்தது, அவளும் நினைத்தாள். கேமரா முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வாரமும் அதையே சொல்லுவாள்: "முடி எறக்க வேணாம்யா. நீ வந்தாப் போதும்." நெற்றியில் சுருள் விழும் அந்த போட்டோவை மடியிலேயே வைத்திருப்பாள். நிகழ்ச்சி முடிந்ததும் புடவைத் தலைப்பால் துடைத்துப் பையில் போட்டுக்கொள்வாள்.

அந்த நிகழ்ச்சி அவளுக்காகத்தான் ஆரம்பித்தது. மகனைக் காணோம் என்று ஆபீஸ் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டாள். அவளை எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. வெளியே உட்கார்ந்து போகிற வருகிறவனிடம் எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பதை விட, உள்ளே உட்கார்ந்து எனக்குத் தெரியப் பேசுவது நல்லது என்றும் தோன்றியது.

தகவலும் வந்தது. சோணை என்று ஆடு மேய்க்கிறவர். "அண்ணே, திருவிழா அன்னைக்கு ஒங்க டிவி வண்டி ஒங்க தோட்டத்துக் கெணத்துப் பக்கம் நின்டுச்சே, அந்தப் பய அதுல வந்தானா?" என்று கேட்டார். நேரில் போய்ப் பார்த்தேன். தோட்டத்துக் காவலுக்கு நல்ல ஆள் வேண்டும் என்று ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன், அவரையே வைத்துக்கொண்டேன். ஆட்டையும் அங்கேயே மேய்த்துக்கொள்ளச் சொன்னேன். இன்றைக்கு நீங்கள் போய்க் கேட்டாலும் என்னைப் பற்றி நல்லதாகத்தான் சொல்வார். தூர்ந்துபோன கிணறு அது, மேடம். அந்த வருஷம்தான் லாரி மண் கொட்டி மூடினேன். எழுமலை பஸ்ஸில் வந்தால் இடதுபக்கம் தெரியும். அன்னக்கொடி வாரா வாரம் அந்த பஸ்ஸில்தான் வருவாள்.

புலி வாலைப் பிடித்தவன் கதை கேட்டிருப்பீர்கள். பிடித்துக்கொண்டு நிற்கவும் முடியாது, விடவும் முடியாது. நிகழ்ச்சியை நிறுத்தினால் அடுத்த சோணை நேரே உங்களிடம் வருவான். நிறுத்தாவிட்டால் வியாழன் தோறும் அவளுக்கு எதிரே உட்கார்ந்து "தாயி, தைரியமா இரு" என்று சொல்ல வேண்டும். புதன்கிழமை வந்தாலே எனக்குச் சோறு இறங்காது. தூரத்து ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனால்கூட வியாழனுக்குள் ஓடி வந்துவிடுவேன். வெளியூர் வேலை ஒன்று நல்ல சம்பளத்தில் வந்தது, வேண்டாம் என்றேன். ஊரில் யாரும் பார்க்காத நிகழ்ச்சிக்கு நான் ஒருத்தன் ஆயுள் கைதி. அவள் படும் பாட்டைவிட என் பாடு பெரிது என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

நடுவில் ஒரு வக்கீல் அவளிடம், ஐகோர்ட்டில் மனுப் போடலாம், போட்டால் போலீஸ் மறுபடி முதலில் இருந்து விசாரித்தே ஆக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். கையெழுத்துப் போடப் போகிறேன் என்று என்னிடம் வந்து யோசனை கேட்டாள். அந்த வாரம் நிகழ்ச்சிக்கு ஒரு போன் வந்தது. திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் முத்துக்குமரனைப் பார்த்ததாக. பேசியது எங்களுக்கு விளம்பரக் குரல் கொடுக்கும் சிவக்குமார். பாவம், ஒரு தாயின் ஆறுதலுக்காக என்று நான் சொன்னதை அவன் நம்பினான். அவனை விட்டுவிடுங்கள். அன்னக்கொடி திருப்பூர் போய் ஒவ்வொரு பனியன் கம்பெனி வாசலாக நின்றாள். வக்கீலை மறந்துபோனாள். அவள் சோர்ந்து உட்காரும்போதெல்லாம் ஒரு போன் வரும். ஒருதரம் ஈரோடு, இன்னொருதரம் ஓசூர். செருப்பு தேய்ந்து பாதம் வெடித்துத் திரும்பி வருவாள். ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். "எம்மகன் உசுரோட இருக்கான்ண்ணே, நாந்தான் லேட்டாப் போயிட்டேன்" என்பாள். இந்த வெளிச்சத்தை வேறு யார் அவளுக்குக் கொடுத்திருப்பார்கள்? நீங்களா?

சுப்பராமன் சார் இந்தச் சித்திரையோடு நிறுத்தியே தீருவது என்று உட்கார்ந்துவிட்டார். அந்த நேரத்தில் சமையல் நிகழ்ச்சி போட ஒரு மசாலா கம்பெனி தயாராக இருந்தது. நான் மன்றாடினேன். என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அந்தம்மா சரின்னா நிறுத்திருவோம், அந்தம்மாதானே ஒனக்கு முக்கியம்?" என்றார். அவள் சம்மதிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் நானும் தலையாட்டினேன்.

போன வியாழன் ஒளிப்பதிவுக்கு முன்னால் அவளே ஆரம்பித்தாள்.

"அண்ணே, இந்த வாரத்தோட போதும்ண்ணே. அவனுக்குச் செய்ய வேண்டிய காரியத்தச் செஞ்சிரலாம்னு இருக்கேன்."

"என்ன பேச்சு தாயி இது? நல்ல சேதி வர்ற நேரத்துல..."

"நல்ல சேதி வராதுண்ணே. எனக்குத் தெரிஞ்சு போச்சு. சாமிக்கு நேந்ததச் செய்ய மாட்டேன்னு போனான், சாமி எடுத்துக்கிருச்சு. அவன் இல்லைன்னு கோர்ட்டுல ஒரு காயிதம் வாங்கணுமாம், அதுக்கு அந்த வக்கீலப் பாக்கப் போறேன்."

வக்கீல் என்றதும் எனக்குப் பயம் வந்தது உண்மைதான். ஆனால் அதற்காக மட்டும் நான் பேசவில்லை மேடம், இதை நீங்கள் நம்ப வேண்டும். பிள்ளை சாமி குற்றத்தில் போனான் என்று ஒரு தாய் சொல்கிறாள், எப்படிக் கேட்டுக்கொண்டிருப்பது? அவ்வளவு வருஷமாக அவளுக்கு நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு உண்மையைக் கொடுக்கலாம் என்று தோன்றிவிட்டது.

"அப்படிச் சொல்லாத தாயி. அவன் ஒன் நேர்த்திய முடிச்சிட்டான். மொட்டையடிச்சு, ஆத்துல முங்கி, தலையில சந்தனம் காயாம சிரிச்சுக்கிட்டு நின்டான். ஒனக்குத் தெரியாமச் செஞ்சு வந்து காட்டணும்னு இருந்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் என் வாயில் வந்தது என் காதிலேயே விழுந்தது. குளிக்கப் போனவன் திரும்பவே இல்லை என்று அவளிடம் சொன்னவன் நான். அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்தாள். பிறகு தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன், முழுதும் குடித்தாள். "வாரேண்ணே" என்று எழுந்து போனாள். போட்டோவை மேஜைமேலேயே விட்டுப் போயிருந்தாள். அந்த முகம் இனி வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. அப்போதே தெரிந்துவிட்டது, அவள் வக்கீலிடம் போகவில்லை, உங்களிடம் வருகிறாள் என்று. ஓடலாம் என்று தோன்றவில்லை. இத்தனை வருஷத்தில் அன்றைக்கு ராத்திரிதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வருஷத்தில் அந்த ஒரு விடியற்காலைதான் மதுரையே எங்கள் சேனலைப் பார்க்கும். நேரலை வண்டி ஆற்றோரச் சந்தில் நின்றது. கேமராக்காரர்கள் மொட்டை மாடிகளில் இருந்தார்கள். வண்டிக்குள் நானும் அவனும் மட்டும். ஜெனரேட்டர் மக்கர் பண்ணியது. கரண்ட் எடுக்கத் தெருக்கம்பத்தில் கொக்கி போடச் சொன்னேன், போட்டான். கரண்ட் சீராக வந்ததும் குளிக்கப் போய், மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக வந்தான். படம் லேசாக ஆடியது. ஒயரைப் பிடித்துப் பார்க்கச் சொன்னது நான்தான். ஈரம் காயட்டும் என்று சொல்லியிருக்கலாம். அழகர் குதிரை ஆற்றை நெருங்கிவிட்டது, நேரம் இல்லை. கரண்ட் அவனைத் தூக்கி வண்டிக்குள்ளேயே எறிந்தது. படம் நிற்கவில்லை.

அவன் அப்போதே செத்துவிட்டான் என்று உங்கள் ஏட்டையா எழுதுகிறார். அப்படியே விட்டுவிடலாம், கிணற்றைத் தோண்டி எடுத்தாலும் எலும்பில் எதுவும் தெரியாது. ஆனால் கேட்கிறவர்களிடம் மறைப்பது எனக்குப் பிடிப்பதில்லை. மூச்சு இருந்தது. பாலம் தாண்டினால் பெரியாஸ்பத்திரி. கதவைத் திறந்து ஒரு சத்தம் கொடுத்திருந்தால் அந்தக் கூட்டமே அவனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போயிருக்கும். திருட்டுக் கரண்ட் தெரிந்திருக்கும், நேரலை நின்றிருக்கும். நான் கதவை உள்ளே தாழ் போட்டேன். தலைக்குக் கீழே துண்டை மடித்து வைத்துவிட்டு, எந்தக் கேமராப் படம் போக வேண்டும் என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். "அண்ணே, லைன் இருக்கா?" என்று கேட்டான். "இருக்குடா" என்றேன். பாருங்கள், அவனுக்கும் அதுதான் முக்கியமாக இருந்தது. பச்சைப் பட்டு உடுத்தி அழகர் இறங்கினார், கோவிந்தா சத்தத்தில் வண்டியே அதிர்ந்தது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைக் கூப்பிடவில்லை, அதனால் நான் திரும்பவில்லை. வெயில் ஏறும்போது சத்தம் நின்றிருந்தது. வண்டியில் பிரஸ் என்று எழுதியிருந்ததால் தோட்டத்துக்குப் போகிற வழியெல்லாம் போலீசே தடுப்பை விலக்கி அனுப்பினார்கள்.

இதில் அந்தக் கடைசிச் சங்கதியை மட்டும் அன்னக்கொடியிடம் சொல்ல வேண்டாம் மேடம். தாய் மனசு, தாங்காது. அவள் மனசு நோகக்கூடாது என்பதற்காகத்தானே இத்தனை வருஷம் அந்த நிகழ்ச்சியை நான் நிறுத்தாமல் நடத்தினேன்.