பெண் பார்க்க வந்த மதாம்

கரமனையிலிருந்து கிழக்கேகோட்டைக்குப் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

"நேத்திக்கு என்னைப் பொண்ணு பார்க்க வந்தாளே, அப்போ பிரான்ஸ்லேர்ந்தும் ஒருத்தி பார்த்தாடீ," என்றாள் ஜன்னலோரத்தில் இருந்தவள்.

"அதாரு?"

"நான் பிரெஞ்சு படிக்கறேன் அல்லே, வாராவாரம் வீடியோ கால்ல பேசற மதாம். எண்பது வயசாக்கும், தனியா இருக்கா. பையனாத்துக்காரா வந்த நேரத்துக்கே அவளோட கால் வந்துது. கட் பண்ண மனசு வரல்லை. போனைப் பழத்தட்டுல சாச்சு வச்சேன்."

"பின்னே?"

"பையனைப் பார்த்ததும், இவனுக்கு சமைக்கத் தெரியுமான்னு மதாம் பிரெஞ்சுல கேட்டுட்டா. என்ன சொல்றான்னு பையனோட அம்மா கேட்டா. ஆசீர்வாதம் பண்றான்னேன். உடனே அவனைப் போனுக்கு முன்னால நமஸ்காரம் பண்ண வச்சுட்டா. அவன் விழுந்ததைப் பார்த்து மதாம், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கறா."

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. இறங்கவில்லை.

"அப்போ கல்யாணம்?"

"அவாளுக்கு சம்மதம். எங்காத்துலயும் சம்மதம். எனக்கும் பாதி சம்மதம்தான்."

"மீதி?"

"மதாம் விட மாட்டேங்கறா. கேட்ட கேள்விக்கு அவன் இன்னும் பதில் சொல்லல்லையாம்."