பேர் போடாத சீட்டு

...அந்த ட்ரையரோட சல்லடைய உருவிப் பாத்தா, இத்தத்தண்டிக்கு செவப்புப் பஞ்சுத் தூசி. துணி காயவெச்ச மனுஷன் அதை வழிச்சுப் போட வேண்டாமா? நீங்க இங்க புதுசு, அதான் சொல்லி வைக்கிறேன். நான் குனில்லா, ரெண்டாம் மாடி. பதினெட்டு வீட்டுக்கும் கீழ இந்த ஒரே சலவை ரூம்தான். அவங்கவங்க நேரத்துக்கு வரணும், துவைக்கணும், தொடைச்சுட்டுப் போகணும். ஸ்வீடன்ல பொறந்தவங்களுக்கு இதைக்கூடச் சொல்லித் தரணுமா? பெரிய பெரிய படிப்பு படிச்சிருக்காங்க, ஓபரா பாக்கறாங்க, தூசி வழிக்கத் தெரியல. என்ன நாகரிகமோ போங்க.

சண்டைக்குப் போனேனான்னா? சேச்சே. கதவைத் தட்டி நேர்ல கேக்க நாம என்ன காட்டுமிராண்டியா? சீட்டு எழுதி ட்ரையர் மேல ஒட்டினேன். 'தூசியை விட்டுட்டுப் போன ஜென்மமே, மனுஷங்க நடுவுல வாழத் தெரியலன்னா காட்டுக்குப் போ.' பேர் போடல. இங்க யாரும் போடமாட்டாங்க, அதான் முறை.

மறுநாள் அதுக்குக் கீழ பென்சில்ல எழுதியிருக்கு... 'மன்னிக்கணும். நானாத்தான் இருக்கும். ஸ்தூரே, மூணாம் மாடி.' பேரைப் போட்டிருக்கார் பாருங்க, அசடு. பெண்டாட்டி செத்துப் போய் நாலு மாசம். அதுவரைக்கும் அவர் மெஷினைத் தொட்டதே இல்ல. அந்தச் சீட்டுக்கப்புறம் இந்தப் பக்கமே வர்றதில்ல. வீட்லயே தொட்டியில போட்டு கசக்கிக்கறாராம்.

என்ன அப்படிப் பாக்கறீங்க... சரி, அந்தத் தூசி அவரோடது இல்ல. என் பாத்ரூம் செவப்பு மிதியடியோடது. அவர் பதிலைப் படிச்சுட்டு மேல போய்ப் பாத்தா பாதி மொட்டையாக் கெடக்கு. முந்தின வாரம் நானே காயவெச்சுட்டு, வழிக்காம வந்திருக்கேன்.

அப்பவே போய்ச் சொல்லலாமேன்னா, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டும்மா? இந்தக் கட்டடத்துல என்னைக் கண்டா லிப்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது அவர் ஒருத்தர்தான். மூணு வாரமா நான் படியிலதான் ஏறறேன், லிப்ட்ல அவர்கிட்ட மாட்டிக்கக் கூடாதுன்னு. முட்டி போச்சு.

வாசல்ல சாமான் வண்டி நிக்குதில்ல, அது அவரோடது. மால்மோவுக்குப் போறார், மக வீட்டுக்கு. இனிமே எனக்கு ஹலோ சொல்லக்கூட இங்க ஆள் கெடையாது.

இந்தாங்க, எழுதிட்டேன். 'தூசி உங்களோடது இல்ல. என்னை மன்னிச்சுடுங்க.' மேல போறப்ப அவர் கதவுல ஒட்டிடுங்க. ...பேரா? அதெல்லாம் நாகரிகம் இல்லம்மா.